தெளிந்த நீரில் மறைந்துள்ள கரிமப் பொருள்: குடிநீரின் தரத்தை அது தீர்மானிப்பது எவ்வாறு?

புதுடெல்லி: யமுனை ஆற்றில் அமோனியாவின் அளவு உயர்ந்ததால் தலைநகரில் குடிநீர் வழங்கல் பாதிப்பு என்ற செய்தி குளிர்காலம்தோறும் வெளியாவது வழக்கமாகிவிட்டது. மேற்கு வங்கம், பீகார் மாநிலங்களின் கிராமங்களில் அடிகுழாய் நீரில் ஆர்செனிக் கலந்திருப்பது பற்றிய செய்திகளும் நாற்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. முன்னது ஆற்று நீரைப் பற்றியது. பின்னது நிலத்தடி நீரைப் பற்றியது. தொடர்பற்றவையாகத் தோன்றும் இவ்விரண்டின் வேதியியலிலும் செய்திகளில் பெயர் இடம்பெறாத ஒரு கூறு பங்கேற்கிறது. அது நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்.

இலைச்சருகு, மண், பாசி, இறந்த நுண்ணுயிர்கள், கழிவுநீர் ஆகியவற்றிலிருந்து நீரில் கரைந்து இறங்கும் கார்பன் சார்ந்த சேர்மங்களின் தொகுப்புக்கே இப்பெயர். இயற்கையில் இது இல்லாத நீர் இல்லை. மலை ஊற்று, ஏரி, கிணறு, ஆழ்கடல் என எங்கிருந்து எடுத்தாலும் சிறிதளவேனும் இருக்கும். பெரும்பாலும் இது நச்சு அன்று. ஆயினும் நீரில் வேறு எவையெல்லாம் நிகழும் என்பதை முடிவு செய்வதில் இதன் பங்கு பெரிது.

வடிகட்டியைக் கடந்தது எல்லாம் ‘கரைந்தது’

தேயிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டினால் இலை வடிகட்டியில் தங்கிவிடும். நிறமும் துவர்ப்பும் கீழே இறங்கிவிடும். ஆய்வகத்தில் பின்பற்றப்படும் வரையறையும் ஏறத்தாழ இதுவே. 0.45 மைக்ரோமீட்டர் துளை கொண்ட வடிதாளின் வழியே நீரைச் செலுத்துவர். தங்குவது துகள், கடந்து செல்வது ‘கரைந்தது’. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கைவிடவும் சிறியது இத்துளை. இருப்பினும் வைரஸ்களும் மிக நுண்ணிய களிமண் துகள்களும் இதைக் கடந்துவிடும் என்பதால், இந்த எல்லை இயற்கை வகுத்தது அன்று, வேதியியலாளர்கள் தமக்குள் ஒப்புக்கொண்டது. சில ஆய்வகங்கள் 0.2 அல்லது 0.7 மைக்ரோமீட்டர் துளையையும் பயன்படுத்துகின்றன.

வடிந்த நீரில் அமிலம் சேர்த்து, கார்பனேட் வடிவில் உள்ள கனிமக் கார்பனை முதலில் வெளியேற்றுவர். எஞ்சியதை உயர் வெப்பத்தில் எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளப்பர். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கார்பன் என்று விடை கிடைக்கும். கரிமப் பொருளின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன் என்பதால், இந்த எண்ணை இரட்டித்தால் மொத்தப் பொருளின் தோராய அளவு தெரியும்.

நிலத்தடி நீரில் இது பொதுவாக லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். ஆறுகளில் 2 முதல் 10 வரை இருப்பது இயல்பு. சதுப்பு நிலங்களில் பல பத்துகளாக உயரும். அமேசான் படுகையில் மனாஸ் நகரம் அருகே வெளிர்நிற சோலிமோயஸ் ஆற்றுடன் கலக்கும் ரியோ நெக்ரோ, கறுப்பு ஆறு என்ற தன் பெயருக்கேற்ப அடர்ந்த தேநீர் நிறத்தில் ஓடுவதற்குக் காடுகளின் மணலிலிருந்து கசிந்து வரும் இந்தக் கரிமப் பொருளே காரணம். அதே பொருள் அந்த ஆற்றை அமிலத்தன்மை உடையதாகவும் ஆக்கியுள்ளது.

கடலில் செறிவு மிகக் குறைவு. மொத்த அளவோ மலைக்க வைப்பது. உலகப் பெருங்கடல்களில் கரைந்துள்ள கரிமக் கார்பன் சுமார் 66,200 கோடி டன் என மதிப்பிடப்பட்டுள்ளது. இது வளிமண்டலத்தின் கார்பன் டை ஆக்சைடில் உள்ள கார்பனுடன் ஒப்பிடத்தக்க அளவாகும். ஆழ்கடலில் உள்ள பகுதியின் சராசரி வயது, கதிரியக்கக் கார்பன் முறையில், 4,000 முதல் 6,000 ஆண்டுகள். நுண்ணுயிர்கள் இத்தனை காலமும் அதை ஏன் உண்ணாமல் விட்டுவைத்தன என்பது இன்றும் விவாதத்திற்குரிய கேள்வி.

பெயரிட முடியாத கலவை

இந்தக் கலவையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் வேதியியலாளர்கள் நேரடியாக விடை கூறுவதில்லை. ஸ்வீடனின் பெர்சிலியஸ் 1830களில் போர்லா ஊற்று நீரிலிருந்து பழுப்பு நிற அமிலங்களைப் பிரித்துப் பெயரிட்டார். அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கடந்தும், சர்க்கரை, அமினோ அமிலம் போன்று பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவை இதில் சிறு பகுதியாகவே உள்ளன.

எஞ்சிய பெரும்பகுதியைச் செயல்முறையால் பிரிக்கின்றனர். நீரைக் கடும் அமிலத்தன்மைக்குக் கொண்டுசென்றால் வீழ்படிவாக இறங்குவது ஹியூமிக் அமிலம். எந்த அமில நிலையிலும் கரைந்தே இருப்பது ஃபல்விக் அமிலம். ஆற்று நீரில் பின்னதே மிகுதி. இவை தனித்தனிச் சேர்மங்களின் பெயர்கள் அல்ல, கூட்டங்களின் பெயர்கள். மிக நுண்ணிய நிறைமாலைமானிகள் ஒரே ஒரு நீர் மாதிரியில் ஆயிரக்கணக்கான மூலக்கூறு வாய்பாடுகளைக் காட்டுகின்றன. ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் பல அமைப்புகள் சாத்தியம். உலக ஆய்வகங்கள் தம் முடிவுகளை ஒப்பிட்டுக்கொள்ள ஒரு பொது மாதிரி தேவைப்பட்டதால், 1981இல் நிறுவப்பட்ட பன்னாட்டு ஹியூமிக் பொருள்கள் சங்கம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓகிஃபெனோகி சதுப்பு நிலத்திலிருந்து புறப்படும் சுவானி ஆற்றின் நீரிலிருந்து பிரித்த பொருளை அவற்றுக்கு வழங்கி வருகிறது.

பெயர் தெரியாவிட்டாலும் குணம் தெரிந்தால் போதும் என்பதே நடைமுறை. பென்சீன் வளைய அமைப்புகள் புறஊதா ஒளியை உறிஞ்சுபவை. எனவே 254 நானோமீட்டர் அலைநீளத்தில் நீர் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து, அதைக் கார்பன் அளவால் வகுத்தால், வளையங்கள் எந்த அளவுக்கு மிகுந்துள்ளன என்பது விளங்கும். இவ்வளையங்களே குளோரினை எதிர்கொள்பவை.

குளோரின் சேர்த்த பின் தோன்றியது

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய வேதியியலாளர் யோஹான்னஸ் ரூக், 1974இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் எதிர்பாராத முடிவை அறிவித்தார். ஆற்று நீரில் குளோரின் சேர்த்த பிறகு அதில் குளோரோஃபார்மும் அதன் உறவுச் சேர்மங்களும் தோன்றின. அவை ஆலைக் கழிவாக வந்து சேர்ந்தவை அல்ல. நீரில் இயற்கையாக இருந்த பழுப்பு நிறக் கரிமப் பொருளுடன் குளோரின் வினைபுரிந்ததால் நீர் நிலையத்துக்குள்ளேயே உருவானவை. அதே ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்களும் இம்முடிவை எட்டினர்.

வினை நிகழும் விதம் பின்னர் தெளிவானது. இரு ஹைட்ராக்சில் தொகுதிகள் குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்த ரிசார்சினால் வகை வளையங்களைக் குளோரின் எளிதில் தாக்குகிறது. வளையம் உடைந்து, ஒரு கார்பன் அணுவைச் சுற்றி மூன்று குளோரின் அணுக்கள் ஒட்டிய துண்டு பிரிகிறது, அதுவே குளோரோஃபார்ம். நீரில் புரோமைடு இருந்தால் குளோரினின் இடத்தைப் புரோமின் பிடித்துக்கொள்ளும். இவ்வாறு உருவாகும் நான்கு சேர்மங்களுக்கு டிரைஹாலோமீத்தேன்கள் என்பது பொதுப்பெயர். ஹாலோ அசிட்டிக் அமிலங்கள் உள்ளிட்ட வேறு துணைவிளைபொருள்களும் உண்டு.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1979இல் மொத்த டிரைஹாலோமீத்தேனுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற வரம்பை விதித்தது. 1998இல் அதை 80 ஆகக் குறைத்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை குளோரோஃபார்மை ‘மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ எனப் பொருள்படும் 2பி பிரிவில் வைத்துள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இந்தத் தகவலைப் படித்துவிட்டுக் குளோரின் சேர்க்காத நீரே நல்லது என்ற முடிவுக்கு வருவது பெருந்தவறாகும். காலரா, டைஃபாய்டு ஆகியவற்றால் நேரும் ஆபத்து உடனடியானது. துணைவிளைபொருள்களால் நேரக்கூடியது பல்லாண்டுக் காலப் பயன்பாட்டில் மதிப்பிடப்படும் சிறிய ஆபத்து. துணைவிளைபொருள்களைக் குறைக்கும் முயற்சியில் கிருமிநீக்கத்தில் சமரசம் செய்யக்கூடாது என்பதே உலகச் சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. எனவே செய்ய வேண்டியது, குளோரின் வந்து சேரும் முன்பே கரிமப் பொருளை இயன்ற அளவு அகற்றுவது.

இந்தியத் தரநிலைகள் அமைப்பின் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500இன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், புரோமோஃபார்முக்கு 0.1 மில்லிகிராம் என நான்கு சேர்மங்களுக்கும் தனித்தனி வரம்பு வகுத்துள்ளது. ஆனால் அவற்றின் மூலப்பொருளான மொத்தக் கரிமக் கார்பனுக்கு அதில் வரம்பு இல்லை. நிறம் என்ற அளவீடு மட்டும் உண்டு. விளைபொருளை அளந்துவிட்டு மூலப்பொருளை அளக்காமல் விடுவது, கசிவு இருக்கும் இடத்தைத் தேடாமல் தரையில் தேங்கிய நீரை மட்டும் அளப்பதற்கு ஒப்பானது.

யமுனையில் நேர்வது

டெல்லியின் வசீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்கள் யமுனை நீரை நம்பியுள்ளவை. ஆற்றில் நீர்வரத்து குறையும் மாதங்களில், மேல்பகுதியிலிருந்து வரும் கழிவால் அமோனியா உயரும்போது இந்நிலையங்களின் உற்பத்தி குறைக்கப்படுகிறது. காரணம் குளோரின் கணக்கில் உள்ளது. குளோரின் முதலில் அமோனியாவுடன் சேர்ந்து குளோரமீனாக மாறும். அந்த அமோனியாவை முற்றிலும் தீர்க்க, 1 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்குக் கோட்பாட்டளவில் 7.6 மில்லிகிராம் குளோரின் வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும்.

கழிவுநீரிலிருந்து வரும் அமோனியா தனியே வருவதில்லை. கரைந்த கரிமப் பொருளும் உடன் வருகிறது. அமோனியா தீர்ந்த பின் எஞ்சும் கட்டற்ற குளோரின், அந்தக் கரிமப் பொருளை நோக்கித் திரும்பும். அமோனியாவை ஒழிக்கக் குளோரினைக் கூட்டினால், மறுபுறம் துணைவிளைபொருள்கள் கூடும் வாய்ப்பும் உயரும். ‘அமோனியா அதிகம் என்றால் குளோரினை அதிகம் சேர்த்தால் என்ன?’ என்று வாசகர்கள் கேட்பதுண்டு. அதற்கு மறுமொழி இதுவே.

ஆற்று மாசு பற்றிய செய்திகளில் பிஓடி எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை அடிக்கடி இடம்பெறுகிறது. குளிப்பதற்கு ஏற்ற நீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது. எனினும் அது நுண்ணுயிர்கள் சில நாட்களுக்குள் உண்டு தீர்க்கும் பகுதியை மட்டுமே காட்டும்; இந்தியாவில் 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் சோதனை வழக்கத்தில் உள்ளது. நுண்ணுயிர்கள் எளிதில் தொடாத ஹியூமிக், ஃபல்விக் பொருள்கள் இந்த எண்ணில் பெரும்பாலும் தென்படுவதில்லை. பிஓடி குறைந்த நீரிலும் குளோரினுக்கு இரையாகும் கார்பன் நிறைந்திருக்கலாம்.

தீர்வுகள் புதிரானவை அல்ல. ஆற்று நீர் நிலையத்துக்குள் நுழைந்தவுடனேயே குளோரின் சேர்ப்பதைத் தவிர்த்து, படிகாரம் இட்டுத் தெளியவைத்து வடிகட்டிய பின் சேர்ப்பதே முதல் படி. வினைபுரியக் கரிமப் பொருள் அப்போது குறைவாக இருக்கும். படிகாரத்தின் அளவைக் கூட்டி நீரின் அமிலத்தன்மையைச் சற்று உயர்த்தினால், வளையங்கள் மிகுந்த பெரிய மூலக்கூறுகள் நன்றாகவே படியும். சிறிய, நீரை மிகவும் விரும்பும் மூலக்கூறுகள் இதற்குப் பிடிகொடுக்காமல் தப்பிவிடும். அவற்றுக்குச் செயலூட்டப்பட்ட கரி, ஓசோன் அல்லது நுண்சவ்வு தேவை. செலவு உயர்வது இங்கேதான்.

தமிழகக் கிராமங்களில் கலங்கல் நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசுவது பழைய வழக்கம். முருங்கை விதைக்கும் இத்தன்மை உண்டு. இவை களிமண் துகள்களைச் சேர்த்துப் படியவைப்பவை. கரைந்த கரிமப் பொருளை அகற்றும் பணியை இவற்றிடம் எதிர்பார்க்க இயலாது. தூய்மைப்படுத்தாத முருங்கை விதைச் சாறு நீரில் கரிமக் கார்பனைக் கூட்டிவிடுகிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்தது. பெரிய நிலையங்களில் இது பரவாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கச் சமவெளியின் ஆர்செனிக்

நிலத்துக்கு மேல் குளோரின் செய்வது போல, நிலத்துக்கு அடியில் வேறொரு வினை நடக்கிறது. அதன் விளைவு பன்மடங்கு கொடியது.

குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காக்கவே கங்கை டெல்டாவில் ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் பரவலாக அமைக்கப்பட்டன. மேற்கு வங்கத்தில் 1980களின் தொடக்கத்தில் தோலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கைத் தடிப்புகளும் கொண்ட நோயாளிகளைக் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மருத்துவர் கே.சி. சாஹா அடையாளம் கண்டார். ஆர்செனிக் கலந்த கிணற்று நீரே காரணம் என்பது தெரியவந்தது. யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி பல்லாண்டுகள் களத்தில் மாதிரிகளைத் திரட்டி, பாதிப்பின் பரப்பை வெளிக்கொணர்ந்தார். பீகாரின் போஜ்பூர் மாவட்டத்தில் 2002இல் இச்சிக்கல் கண்டறியப்பட்டது.

இந்த ஆர்செனிக் எந்த ஆலையும் கொட்டியது அன்று. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில், இரும்பு ஆக்சைடு படர்ந்த துகள்களின் மேற்பரப்பில் அது ஒட்டியுள்ளது. ஒட்டியிருக்கும் வரை தீங்கில்லை. ஆக்சிஜன் தீர்ந்துபோன மண்ணடுக்கில் வாழும் சில நுண்ணுயிர்கள், நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல, இரும்பைப் பயன்படுத்துகின்றன. அவற்றுக்கு உணவு, கரிமப் பொருள். அவை உண்ண உண்ண இரும்பு ஆக்சைடு கரைகிறது. பிடிப்பை இழந்த ஆர்செனிக் நீரில் இறங்குகிறது. இந்த விளக்கத்தை 1998இல் நிக்சனும் அவர் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தனர். வங்க டெல்டா வண்டலில் நுண்ணுயிர்களின் பங்கை 2004இல் மற்றொரு குழு அதே இதழில் ஆய்வக முறையில் நிறுவியது. எளிய கரிம உணவைச் சேர்த்ததும் ஆர்செனிக் வெளியேற்றம் கூடியது.

ஹியூமிக் பொருள்களுக்கு இதில் இன்னொரு பணியும் உண்டு. நுண்ணுயிரால் நேரடியாகத் தொட முடியாத இரும்புக்கு எலெக்ட்ரான்களைச் சுமந்து சென்று சேர்த்துவிட்டு, மீண்டும் திரும்பிவந்து சுமக்கும் தூதுவராக இவை இயங்குகின்றன. தாம் தீர்ந்துபோகாமலே வினையை விரைவுபடுத்துகின்றன.

அப்படியானால் அந்தக் கரிம உணவு எங்கிருந்து வருகிறது? இதில்தான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. வண்டலோடு புதைந்த பழைய தாவர எச்சங்களும் கரி அடுக்குகளுமே மூலம் என்பது ஒரு தரப்பு. வங்கதேசத்தின் முன்ஷிகஞ்ச் பகுதியில் ஆய்வு செய்த சார்லஸ் ஹார்வி குழுவினர், பாசனத்துக்காக நீர் இறைக்கப்படுவதால் மேற்பரப்பின் புதிய கார்பன் கீழே இழுக்கப்படுகிறது என்று 2002இல் ‘சயின்ஸ்’ இதழில் வாதிட்டனர்.

கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. மூலம் பழைய அடுக்கு என்றால், இன்று பாதுகாப்பான கிணறு நாளையும் ஓரளவு அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். மேற்பரப்பு நீரே மூலம் என்றால், இறைப்பு கூடும் இடங்களில் இன்றைய நல்ல கிணறும் சில ஆண்டுகளில் மாறக்கூடும். ஒரு முறை சோதித்துப் பச்சை வண்ணம் பூசிய அடிகுழாயை மீண்டும் சோதிக்க வேண்டுமா என்பது இந்த விடையைப் பொறுத்தது. கருத்து வேறுபாடு நீடிக்கும் வரை, மறுசோதனையே விவேகமானது.

அடிகுழாய் மேடையில் படியும் செம்பழுப்புக் கறை, நிலத்தடியில் இரும்பு கரைந்திருப்பதன் அடையாளம். அதைக் கொண்டு ஆர்செனிக் உண்டு என்றோ இல்லை என்றோ உறுதிசெய்ய முடியாது. லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க வரம்பைக் கண்ணாலோ நாவாலோ அறிய வழியில்லை.

காப்பதும் இதுவே

கரைந்த கரிமப் பொருளைக் குற்றவாளியாக மட்டும் காட்டுவது நியாயமாகாது. புறஊதாக் கதிரை உறிஞ்சி நீர்வாழ் உயிர்களுக்கு நிழல் தருகிறது. செம்பு போன்ற உலோகங்களைப் பற்றிக்கொண்டு மீன்களுக்கு அவற்றின் நச்சைக் குறைக்கிறது. அதே பற்றுதல் பாதரசத்தைச் சதுப்பு நிலங்களிலிருந்து ஏரிகளுக்குச் சுமந்து செல்லவும் உதவுகிறது. வட ஐரோப்பா, வட அமெரிக்கப் பகுதிகளின் பல ஏரிகள் அண்மைப் பத்தாண்டுகளில் பழுப்பேறி வருவதற்கு, அமில மழை குறைந்ததால் மண்ணிலிருந்து கரிமப் பொருள் எளிதில் கரைவது முதன்மைக் காரணம் என 2007இல் ஒரு பன்னாட்டு ஆய்வு தெரிவித்தது. காற்று தூய்மையானதன் விலையை அங்குள்ள குடிநீர் நிலையங்கள் படிகாரமாகச் செலுத்தி வருகின்றன.

வீடுகளில் செய்யக்கூடியது

குளோரின் சேர்த்த குழாய் நீரைத் திறந்த பாத்திரத்தில் சில நிமிடங்கள் கொதிக்கவைத்தால் குளோரோஃபார்ம் பெரும்பாலும் வெளியேறிவிடும்; அதன் கொதிநிலை 61 டிகிரி செல்சியஸ் அளவே. கரி வடிகட்டியும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கரியின் கொள்ளளவு நிரம்பிய பின் பயனில்லை என்பதால், நிறுவனம் குறிப்பிட்ட காலத்தில் அதை மாற்றியாக வேண்டும். ஆர்செனிக் உள்ள கிணற்று நீருக்குக் கொதிக்கவைத்தல் எவ்வகையிலும் உதவாது. நீர் ஆவியாகிக் குறைவதால் பாத்திரத்தில் எஞ்சும் நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.